குழந்தை பேரில் பாலிசி: எந்த வயதில் எடுக்கலாம், முதலில் யார் பேரில் எடுக்க வேண்டும்?

காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 31, ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார். மூத்தது பையன், ஐந்து வயது முடிந்து மூன்று மாதம். அடுத்தது பாப்பா, பிறந்து நாற்பது நாள். மனைவியின் சித்தப்பா காப்பீட்டு முகவர். "ரெண்டு குழந்தைங்க பேர்லயும் இப்பவே போட்டுடுங்க மாப்பிள்ளை, வயசு ஏறினா எடுக்க முடியாது, போட்ட அன்னைக்கே கவரேஜ் வந்துடும்" என்கிறாராம். தம்பியின் அப்பாவுக்கு 63 வயது. மாந்தோப்பு வருமானத்தில் பேரப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் நானே கட்டுகிறேன் என்று அவரும் முன்வந்திருக்கிறார். எந்த வயதில் எடுக்கலாம், தாத்தா எடுக்கலாமா, எடுப்பது நல்லதுதானா என்பது கேள்வி. கடைசியில் ஒரு வரி: தன் பேரில் கம்பெனி போட்டிருக்கும் குரூப் இன்சூரன்ஸ் மட்டும்தான், வேறு எதுவும் இல்லை.

தம்பி, அந்தக் கடைசி வரியில்தான் என் கண் நின்றது. அதற்கு வருகிறேன். நீங்கள் கேட்டது வயதைப் பற்றி, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் முகவர் வேலைக்கு வந்தவன் நான். 2004இல் மாவட்டம் பிரிந்த பிறகும் இரண்டு பக்கமும் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். இப்போது விற்பனையை விட்டுவிட்டேன், அதனால் எதையும் உங்கள் தலையில் கட்ட வேண்டிய தேவை எனக்கு இல்லை.

குழந்தை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதன் பேரில் பாலிசி எடுக்க வழி இருக்கிறது. திட்டத்துக்குத் திட்டம் வயது கொஞ்சம் மாறும். எல்ஐசியின் நியூ சில்ட்ரன்ஸ் மணி பேக் திட்டத்தில் பிறந்த குழந்தையிலிருந்து 12 வயது வரை சேரலாம். ஜீவன் தருண் என்றால் 90 நாள் நிறைந்திருக்க வேண்டும், மேல் வரம்பு அதே 12. 2024 பிப்ரவரியில் வந்த அம்ரித்பால் திட்டத்தில் 30 நாளிலிருந்து 13 வயது வரை. ஆக, உங்கள் பாப்பாவுக்கு இன்றைக்கே இரண்டு திட்டங்களில் இடம் உண்டு, ஜீவன் தருணுக்கு மட்டும் இன்னும் ஐம்பது நாள் பொறுக்க வேண்டும். பையனுக்கு மூன்றிலுமே இடம் உண்டு.

வயது ஏறினால் எடுக்க முடியாது என்று சித்தப்பா சொல்வது அப்படியே சரியில்லை. பையனுக்கு 12 நிறையவே இன்னும் ஆறே முக்கால் வருடம் இருக்கிறது. அதற்குப் பிறகும் வழி அடைபடுவதில்லை. 8 வயது நிறைந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும் எண்டோமெண்ட் திட்டங்கள், அதாவது காப்போடு காலம் முடிந்ததும் பணம் தரும் திட்டங்கள், இருக்கின்றன, ஜீவன் லாப் அதில் ஒன்று. 18 ஆனால் அவனே தன் பேரில் எடுத்துக்கொள்வான். இந்த மாதமே கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்ற அவசரம் எதுவும் இல்லை.

"போட்ட அன்னைக்கே கவரேஜ்" என்ற பேச்சுத்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. வீட்டில் யாருடைய பாலிசி பாண்டாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் பாலிசி தொடங்கும் தேதி ஒன்று இருக்கும். ஆபத்துக்காப்பு தொடங்கும் தேதி என்று இன்னொன்றும் இருக்கும். பெரியவர்களுக்கு இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருக்கும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. 8 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இரண்டும் வேறு வேறு. நான் மேலே சொன்ன குழந்தைத் திட்டங்களில் விதி இதுதான்: பாலிசி போட்ட நாளிலிருந்து இரண்டு வருடம், அல்லது குழந்தைக்கு 8 வயது நிறைந்ததை ஒட்டி வரும் பாலிசி ஆண்டு நாள், இதில் எது முதலில் வருகிறதோ அன்றுதான் உயிருக்கான காப்பு தொடங்கும். அதற்கு முன்பு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் கட்டிய பிரீமியம் மட்டும் திரும்ப வரும், காப்புத்தொகை வராது.

உங்கள் பிள்ளைகளுக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். பையனுக்கு இப்போது போட்டால் அவனுக்கு ஏழே கால் வயது ஆகும்போது காப்பு தொடங்கும். பாப்பாவுக்கு இப்போது போட்டால் இரண்டு வயதைக் கொஞ்சம் தாண்டும்போது. இதுவே ஏழு வயது இரண்டு மாதத்தில் ஒரு பிள்ளைக்குப் போட்டால், அடுத்த ஆண்டு நாளுக்குள் எட்டு நிறைந்துவிடும், அதனால் ஒரே வருடத்தில் தொடங்கிவிடும். எட்டு நிறைந்த பிறகு போட்டால் அன்றைக்கே தொடங்கிவிடும். சித்தப்பா வேண்டுமென்றே பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. பெரியவர்களுக்கு விற்றுப் பழகிய வாயில் அந்த வாக்கியம் தானாக வந்துவிடும். ஆனால் கேட்பவர்கள் அதை நம்பித்தான் பணத்தை எடுத்து வைக்கிறார்கள்.

இந்த விதி ஏன் என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள். ஆயுள் காப்பீடு என்பது ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு ஏற்படும் பண நஷ்டத்தை ஈடுகட்டுவது. குழந்தை சம்பாதிப்பதில்லை. குழந்தையின் சாவில் பெரிய தொகை கிடைக்கும் என்ற நிலைமை உருவாகவே கூடாது என்று பழைய காலத்திலேயே சட்டம் போட்டார்கள். இங்கிலாந்தில் 1875ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு 6 பவுண்டுக்கு மேலும், பத்து வயதுக்குக் கீழே 10 பவுண்டுக்கு மேலும் காப்புத்தொகை கொடுக்கக் கூடாது என்று வரையறுத்தது. அந்தப் பயத்தின் காரணத்தை நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் தர்மபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த வருடங்களில் பென்னாகரம், அரூர் பக்கம் வீடு வீடாகப் போனவன் நான். அதே 1992இல் தொடங்கிய பெண் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்: அரசு பெண் குழந்தை பேரில் பணத்தை வைப்பாகப் போட்டு வைக்கும், அவள் வளர்ந்து பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி 18 வயது முடிந்த பிறகுதான் அது கைக்கு வரும். குழந்தை வாழ்ந்தால் பணம். குழந்தை பேரில் போடும் எந்தப் பணமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆண் பிள்ளை இல்லாத குடும்பங்களுக்கான திட்டம் அது, உங்களுக்குப் பொருந்தாது. ஒன்றோ இரண்டோ பெண் குழந்தைகள் மட்டும் இருக்கிற குடும்பம் உங்களுக்குத் தெரிந்து இருந்தால், குழந்தைக்கு மூன்று வயது ஆவதற்குள் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

இப்போது அந்தக் கடைசி வரி.

பல வருடங்களுக்கு முன்பு பர்கூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். கணவர் கிரானைட் குவாரியில் லாரி ஓட்டியவர், விபத்தில் போய்விட்டார். மஞ்சள் பையிலிருந்து மூன்று பாண்டுகளை எடுத்துத் திண்ணையில் வைத்தார். மூன்றும் பிளாஸ்டிக் கவரில், மடிப்புக் கலையாமல். வேறு முகவர் போட்டுக் கொடுத்தது. பிரித்துப் பார்த்தேன். முன்மொழிபவர் என்ற இடத்தில் மூன்றிலும் கணவரின் பெயர். ஆயுள் காப்பீடு செய்யப்பட்டவர் என்ற இடத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையின் பெயர். கட்டுகிறவர் இறந்தால் மீதித் தவணையைத் தள்ளுபடி செய்யும் கூடுதல் வசதி, பிரீமியம் தள்ளுபடி ரைடர் என்பது, ஒன்றில் கூட இல்லை. அவர் கணவரின் பெயர் மேல் விரலை வைத்து, "அவரு பேருதான் இருக்குதேண்ணா" என்றார். இந்தப் பெயர் பணம் கட்டுகிறவர் பெயர், காப்பு இவருக்கு இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கணவர் இறந்ததற்கு அந்த மூன்று பாலிசியிலும் ஒரு ரூபாய் வராது. வராததோடு அடுத்த மாதம் மூன்றுக்கும் தவணை வேறு வருகிறது. சம்பாதித்தவர் போன பிறகு அதை யார் கட்டுவது? மூன்றும் பாதியில் நின்றன. அந்த மனிதர் குழந்தைகள் மேல் வைத்த பாசத்தில் மாதா மாதம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது. அதில் பாதியைக் கட்டி அவர் பேரில் ஒரு பாலிசி எடுத்திருந்தால் அந்தப் பிள்ளைகளின் படிப்பு நின்றிருக்காது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் விற்றுக்கொண்டிருந்தேன். குழந்தை பெயரைச் சொன்னால் வீட்டில் யாரும் மறுப்பதில்லை. அந்தத் திண்ணைக்குப் பிறகு, அப்பா பேரில் பாலிசி இல்லாத வீட்டில் குழந்தைக்குப் போடுவதை நிறுத்திவிட்டேன்.

அதனால் உங்களுக்கும் அதையே சொல்கிறேன். முதல் பாலிசி உங்கள் பேரில், குழந்தைகள் பேரில் இல்லை. உங்களுக்கு 31 வயது. டெர்ம் இன்சூரன்ஸ் எடுக்க இதைவிட நல்ல வயது இனி வராது. முதிர்வுத்தொகை எதுவும் கிடையாது, உயிருக்கு மட்டும் காப்பு. அதனால்தான் பிரீமியம் குறைவு. புகை, புகையிலைப் பழக்கம் இல்லாமல் உடம்பும் நன்றாக இருந்தால், உங்கள் வயதில் 50 லட்சத்துக்குப் பெரும்பாலும் மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். சம்பளச் சீட்டு கேட்பார்கள், அது உங்களிடம் இருக்கிறது. உங்கள் வருடச் சம்பளத்தைப் போல் பத்து, பதினைந்து மடங்கு காப்பு இருக்கட்டும். தனியார் கம்பெனிகள் சைல்டு பிளான் என்று விற்பதில் பலவற்றில் கூட, உள்ளே பார்த்தால் காப்பு அப்பா அல்லது அம்மாவின் உயிருக்குத்தான், குழந்தை பயனாளி. அவர்களுக்கும் அந்த உண்மை தெரியும்.

கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் நல்லதுதான், ஆனால் வேலையில் இருக்கும் வரைதான் அது. ஓசூரில் ஒரு கம்பெனி விட்டு இன்னொன்றுக்கு மாறுவது எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும். நடுவில் இரண்டு மாதம் சும்மா இருந்தால் அந்த இரண்டு மாதமும் காப்பு இல்லை. பிஎஃப் பிடித்தம் இருந்தால், அதோடு சேர்ந்து இடிஎல்ஐ என்ற காப்பீடும் உங்களுக்கு இருக்கிறது. வேலையில் இருக்கும்போது இறந்தால் அதிகபட்சம் 7 லட்சம் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும், அதற்கு நீங்கள் தனியாக ஒரு பைசா கட்டுவதில்லை. பிஎஃப் கணக்கில் நாமினி பெயர் இன்னும் உங்கள் அம்மாவாகவே இருக்கிறதா, கல்யாணத்துக்குப் பிறகு மாற்றினீர்களா என்று இன்றிரவே ஃபோனில் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் உங்கள் மனைவி. அவர் சம்பளம் வாங்காவிட்டாலும் இரண்டு குழந்தைகளையும் வீட்டையும் தூக்கி நிறுத்துவது அவர்தான். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் 18 முதல் 50 வயது வரை சேரலாம். வருடத்துக்கு 436 ரூபாய், எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். சேர்ந்த முதல் 30 நாளில் விபத்துச் சாவுக்கு மட்டும் காப்பு. கூடவே 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் எடுங்கள். இருவருக்கும் சேர்த்து வருடத்துக்கு 912 ரூபாய். மே கடைசியில் வங்கிக் கணக்கில் அந்தப் பணம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புதுப்பிக்காமல் போய்விடும். இங்கே பலருக்கு அப்படித்தான் விட்டுப்போகிறது.

இன்னொரு விஷயம், நம் பக்கத்தில் முகவர்களே அதிகம் சொல்லாதது. உங்கள் பேரில் டெர்ம் எடுக்கும்போது, திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம் என்று 1874ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, அதன் கீழ் எடுக்கிறேன் என்று விண்ணப்பத்தோடு ஒரு படிவம் கொடுக்கலாம். கொடுத்தால் அந்தப் பணம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் உரிய அறக்கட்டளை மாதிரி ஆகிவிடும். கடன் கொடுத்தவர்கள் அதில் கை வைக்க முடியாது, பங்காளிகளும் கேட்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே செய்ய வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் வட்டிக்காரர்கள் வாசலில் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன், அதனால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன். வெறும் நாமினியாகக் குழந்தையின் பெயரைப் போட்டால், 18 வயது வரை பணத்தை வாங்கி வைக்க ஒரு பெரியவரை அப்பாயிண்டியாகக் காட்ட வேண்டும். அதையும் காலியாக விடாதீர்கள்.

சரி, தாத்தா விஷயம். பேரப் பிள்ளைக்குத் தாத்தா பாட்டி பாலிசி எடுக்க சில திட்டங்களில் இடம் உண்டு, சில்ட்ரன்ஸ் மணி பேக்கில் தெளிவாகவே உண்டு. ஆனால் நான் மேலே சொன்ன பிரீமியம் தள்ளுபடி ரைடர் இருக்கிறதே, பணம் கட்டுகிறவர் இறந்துவிட்டால் மீதித் தவணைகளைக் கட்டாமலேயே பாலிசி தொடரும் என்பது, அதை எடுக்கக் கட்டுகிறவருக்கு வயது 55க்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் அப்பாவுக்கு 63. அவர் பேரில் எடுத்தால் அந்த ரைடர் கிடைக்காது. பாப்பாவுக்கு ஜீவன் தருண் என்றால் அவளுக்கு 20 வயது ஆகும் வரை தவணை. அப்போது அப்பாவுக்கு 83. அவர் நூறாண்டு இருக்க வேண்டும், ஆனால் மரமேறி அறுப்பைப் பார்த்து வருமானத்தைக் கையில் வாங்குவது அப்போதும் அவராக இருக்குமா? பணம் அவர் கொடுக்கட்டும், முன்மொழிபவர் நீங்களாக இருங்கள், ரைடரைச் சேர்த்து எடுங்கள். பாண்டு வந்ததும் அந்த ரைடரின் பெயர் அதில் அச்சாகியிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

மா வருமானத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது. ஒரு வருடம் கிளை தாங்காமல் காய்க்கும், மறு வருடம் இலைதான் இருக்கும். நன்றாகக் காய்த்த வருடத்தில் கூழ் ஆலைக்காரர்கள் பெங்களூரா மாங்காய்க்கு என்ன விலை வைக்கிறார்களோ அதுதான். இருபது வருடம் தவறாமல் கட்ட வேண்டிய ஒரு தவணையை அந்த வருமானத்தில் தொங்கவிடுவது எனக்குப் பயமாக இருக்கிறது. ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி விலை நன்றாக இருந்த வருடத்தில் போட்டு, அடுத்த வருடம் விலை விழுந்ததும் நின்றுபோன பாலிசிகள் எத்தனையோ. அப்பாவின் ஆசையை மறுக்காதீர்கள். ஆனால் குறுகிய காலம் கட்டுவதாகப் பாருங்கள். அம்ரித்பாலில் 5, 6, 7 வருடம் மட்டும் கட்டும் வசதியும், ஒரே தடவையில் கட்டி முடிக்கும் வசதியும் இருக்கின்றன. குறைந்தபட்சக் காப்புத்தொகை 2 லட்சம், ஆயிரத்துக்கு வருடம் 80 ரூபாய் உறுதியான சேர்ப்பு. நல்ல காய்ப்பு வந்த ஒரு வருடத்தில் ஒரே தவணையாகப் போட்டுவிட்டால் ரைடர் பற்றிய கவலையே இல்லை. வருடத் தவணை என்றால், பாலிசி தொடங்கும் தேதி ஜூன், ஜூலையில் அமையும்படி போடச் சொல்லுங்கள். வருடத் தவணைக்கு 30 நாள் கூடுதல் அவகாசம் உண்டு, காய் விற்ற பணம் கைக்கு வந்துவிடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயிரத்துக்கு 80 என்றால் 8 சதவீத வட்டி என்று பலர் நினைக்கிறார்கள். அந்த 80 காப்புத்தொகையின் மேல் கணக்காகிறது, நீங்கள் கட்டிய பணத்தின் மேல் அல்ல. கட்டும் மொத்தத்தையும் கடைசியில் வருவதையும் வைத்துக் கணக்குப் போட்டால் அந்த அளவுக்கு வராது. சேமிப்பாகப் பார்த்தால் தபால் நிலையத்தில் இதைவிட நல்ல வழி இருக்கிறது.

பாப்பாவுக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டம். பத்து வயது நிறைவதற்குள் தொடங்க வேண்டும், நீங்களோ மனைவியோ காப்பாளராக இருந்து தொடங்கலாம், பணத்தைத் தாத்தா கொடுக்கலாம். 2024 ஜனவரியிலிருந்து வட்டி 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு வட்டியை மறுபடி அறிவிக்கும், ஏறலாம், இறங்கலாம். 15 வருடம் கட்டினால் போதும், 21 வருடத்தில் முதிரும். மாதம் ஆயிரம் ரூபாய் கட்டி, வட்டி இதே அளவில் நின்றால், கட்டியது 1,80,000, கடைசியில் கைக்கு வருவது சுமார் ஐந்தரை லட்சம். 18 வயதில் படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். தோப்புக்காரர்களுக்கு இதில் பெரிய வசதி, வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம் என்ற இடைவெளிதான். காய்த்த வருடம் இருபதாயிரம், காய்க்காத வருடம் 250. எந்தக் காப்பீட்டுக் கம்பெனியும் அப்படி விடாது. பையனுக்கு அதே தபால் நிலையத்தில் பொன்மகன் பொதுவைப்பு நிதி இருக்கிறது. பிபிஎஃப்தான் அது, வட்டி 7.1 சதவீதம், வருடத்துக்குக் குறைந்தது 500 ரூபாய்.

தபால் நிலையம் வரை போவதால் இதையும் கேட்டு வாருங்கள். கிராமத்தில் இருப்பவர்களுக்குக் கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீடு இருக்கிறது. அதில் குழந்தைகள் பாலிசி 5 வயது முதல் 20 வயது வரை, ஒரு குடும்பத்தில் இரண்டு குழந்தைகளுக்கு. காப்புத்தொகை ஒரு லட்சம் வரை, அதுவும் பெற்றோரின் காப்புத்தொகையைத் தாண்டாமல். பெற்றோருக்கு 45 வயதுக்கு மேல் இருக்கக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த நிபந்தனை ஒன்று அதில் உண்டு: அப்பா அல்லது அம்மா பேரில் முதலில் அங்கே ஒரு பாலிசி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழந்தைக்குக் கிடையாது. அந்தப் பெற்றோர் இறந்துவிட்டால் குழந்தையின் பாலிசிக்கு அதற்கு மேல் தவணை கட்ட வேண்டாம், காலம் முடிந்ததும் முழுத்தொகையும் போனஸும் பிள்ளைக்குக் கிடைக்கும். தனியாக ரைடர் எதுவும் வாங்க வேண்டியதில்லை. பர்கூர்க்காரரின் பாலிசிகள் இப்படி இருந்திருக்கக் கூடாதா என்று நான் பல முறை நினைத்ததுண்டு. உங்கள் பையனுக்கு இதில் வயது சரியாக இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் குழந்தை பேரில் ஒரு பாலிசி இருக்கட்டும் என்று தோன்றினால், எடுங்கள். தவறில்லை. எப்போது வேண்டுமானாலும் எடுத்துச் செலவழிக்க முடியாத பணம் என்பதும் சில வீடுகளுக்கு நல்லதுதான். விண்ணப்பத்தை மட்டும் நீங்களே படித்து நிரப்புங்கள், வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். குழந்தைக்கு வலிப்பு வந்திருந்தால், இதயத்தில் ஓட்டை என்று எப்போதாவது டாக்டர் சொல்லியிருந்தால், எழுதிவிடுங்கள். மூன்று வருடத்துக்குள் ஏதாவது நடந்தால் மறைத்ததைத் தோண்டி எடுப்பார்கள். பாண்டு கைக்கு வந்ததிலிருந்து 30 நாள் உங்களுக்கு அவகாசம் உண்டு, பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கலாம், சிறிய பிடித்தம் இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, யாராவது வரி சேர்த்துச் சொன்னால் கேளுங்கள்.

பையனுக்கு 18 வயது நிறைந்ததை ஒட்டி வரும் பாலிசி ஆண்டு நாளில் பாலிசி தானாகவே அவனுக்குச் சொந்தமாகிவிடும். 18 வயதுக்குக் கீழே இருப்பவர் ஒப்பந்தம் செய்ய முடியாது என்பதால்தான் அதுவரை உங்கள் கையெழுத்து. அதன் பிறகு பணம் அவன் கணக்குக்குத்தான் போகும், நீங்கள் எடுக்க முடியாது. அந்த நாளில் அவன் தன் நாமினியைப் பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இதை மறந்துவிடுகிறார்கள்.

சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று உங்களுக்குத் தயக்கம் இருக்கும். சொந்தத்துக்குள் மனக்கசப்பு வேண்டாம். "குழந்தைங்களுக்கு அப்புறம் பார்க்கலாம் மாமா, முதல்ல எனக்கு ஒரு டெர்ம் பாலிசி நீங்களே போட்டுக் கொடுங்க" என்று சொல்லுங்கள். அவருக்கும் அதில் கமிஷன் உண்டு, கொஞ்சம் குறைவாக இருக்கும். நாளைக்கு ஒன்று என்றால் கிளெய்ம் படிவத்தோடு ஓடி வருவதும் அவர்தான், அதனால் அவர் மூலம் எடுப்பதே நல்லது என்று நான் நினைக்கிறேன்.

பாப்பாவுக்குப் பெயர் வைத்தாகிவிட்டதா? மருத்துவமனையில் பிறப்பைப் பதிந்திருப்பார்கள், ஆனால் அப்போது பெயர் இருந்திருக்காது. பிறந்து ஒரு வருடத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் இல்லை. செல்வமகளுக்கும் பாலிசிக்கும் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான். உங்கள் பெயரும் மனைவியின் பெயரும் ஆதாரில் இருக்கும் எழுத்திலேயே, இனிஷியலோடு, அதில் இருக்கட்டும். ஒரு எழுத்து மாறியதற்காகப் பதினெட்டு வருடம் கழித்து அலைந்தவர்களை நான் கூட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியிருக்கிறேன்.